எனக்குப் பிடிக்காத தாமோதரன் சார்

தாமோதரன் சார் இறந்துபோன செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. காலை ஷிப்டுக்காகச் சுங்குவார்சத்திரத்தில் ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன். பஸ் வல்லம் தாண்டும்போது முன் இருக்கையில் இருந்த பிரபு திரும்பி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். விடியற்காலை, வீட்டிலேயே, நெஞ்சுவலி என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கைகூப்பிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் ஷாப் ஃப்ளோருக்குள் வரும்போது கழிப்பறைப் பக்கம் ஒதுங்கியவர்கள் எல்லாம் 'எங்கள் வழிகாட்டி' என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியும் ஒரகடம் மேம்பாலம் வரைக்கும்தான் நின்றது. அதன்பிறகு கோபம் வந்தது. அவரிடம் நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

பிரபு எங்கள் சைக்கிள் மன்றத்தின் செயலாளர். பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுவதாகவும், அதில் நான்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். வேறு ஆள் பாருங்கள் என்றேன். கோடியக்கரை வரை அவரோடு போனவன் நான் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை வரை போய்த் திரும்பியவர்கள்தானே என்றார். எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். நடந்ததையே எழுதுங்கள், ஆனால் மரியாதையாக எழுதுங்கள் என்றார். மரியாதைக்கு எந்தக் குறையும் வராது. அவரிடம் எனக்கு மரியாதை எப்போதும் இருந்தது. பிரியம்தான் ஒரு நாளும் இருந்ததில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் எங்கள் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்புக்குத் தாமோதரன் சார் ப்ரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருந்தார். எழிச்சூர் பக்கத்துக்காரர். தொழிற்பேட்டைக்காக எடுத்த நிலங்களில் அவர் குடும்பத்து நிலமும் ஒன்று. புதிதாகச் சேர்பவர்களிடம் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "அந்த டிஸ்பேட்ச் ஷெட்டு கீதே, அது எங்க கயனி. நான் இங்க வேலைக்கு வர்ல. நீங்கள்லாம் எங்க எடத்துக்கு வந்துகீறீங்க" என்பார். விருந்தாளிகளிடம் பேசுகிற தொனியில் அதைச் சொன்னதில்லை.

நான் விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தவன். முதல் நாளே மூன்று நிமிடம் தாமதம். பஸ் லேட் என்றேன். "பஸ்ஸையா நான் வேலைக்கு வெச்சிகீறேன்?" என்று கேட்டுவிட்டு, டீ இடைவேளை வரைக்கும் லைன் ஓரமாக நிற்க வைத்தார். நூற்றிருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'மெயின்டனன்ஸ்' என்பதுதான் என் பெயர்.

யாரிடமும் அவர் அப்படித்தான். ஓர் ஆபரேட்டர் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் விடுப்புக் கேட்டார். கல்யாணம் அவளுக்கா உனக்கா என்று கேட்டுவிட்டு இரண்டு நாளுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். கழிப்பறைக்குப் போனவர் திரும்பும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய மிஷின் அருகிலேயே நிற்பார். ஆனால் காதுக்கு மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டு பிரஸ்கள் ஒரே நேரத்தில் இடிக்கிற சத்தத்தில், ஐந்தாவது மிஷினில் பேரிங் தேய்கிறது என்று கதவருகே நின்றே சொல்வார். பிரித்துப் பார்த்தால் தேய்ந்திருக்கும். அவர் சொன்னது சரியாகிவிடுகிற ஒவ்வொரு முறையும் அவர்மேல் எனக்கு வெறுப்பு ஒரு பிடி கூடும்.

மற்ற அதிகாரிகள் காரில் வந்தபோது அவர் தினமும் சைக்கிளில் வந்தார். சைக்கிள் மன்றத்தைத் தொடங்கியதும் அவர்தான். அங்கேயும் கழுத்தில் விசில். வரிசை கலைந்தால் ஊதுவார்.

இனி அமல்ராஜ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

அமல்ராஜ் மூன்றாவது பிரஸ்ஸில் வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். அதிர்ந்து பேசமாட்டார். கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துவதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. ஒருநாள் மதியம் அந்த சென்சார் காரணமில்லாமல் மிஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்று நான் தாமோதரன் சாரிடம் சொன்னேன். வெளியே லாரி காத்திருந்தது. ஷிப்ட் முடியட்டும், அதுவரைக்கும் லைன் நிற்கக் கூடாது என்றார். மாலை ஐந்து மணி சுமாருக்கு அமல்ராஜின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆபரேட்டர் தானாகவே சென்சாரைத் துண்டித்துவிட்டு வேலை செய்தார் என்று அறிக்கை எழுதப்பட்டது. கீழே தாமோதரன் சார் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன். அமல்ராஜின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கொஞ்ச நாளில் அவர் ஷேர் ஆட்டோ ஓட்டத் தொடங்கினார். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஒரகடத்துக்கு, எங்கள் கேட்டைத் தாண்டித்தான் அந்த வழி. அதை எப்படி அவரால் தினமும் ஓட்ட முடிந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஏழு மாதம் கழித்து, உதிரிப்பாகம் வராமல் எட்டு நாள் லைன் நிறுத்தம் வந்தது. நோட்டீஸ் போர்டில் தாமோதரன் சார் கையால் எழுதி ஒரு தாள் ஒட்டினார். ஒரகடத்திலிருந்து கோடியக்கரை, கடலோரமாகவே சைக்கிள் பயணம், ஆறு நாள், இரவில் கூடாரம், விரும்புபவர்கள் பெயர் எழுதலாம். ஏழு பேர் எழுதினார்கள். அதில் நானும் ஒருவன். சைக்கிள் ஆசையால் அல்ல. அவரைத் தொழிற்சாலைக்கு வெளியே, அதிகாரம் செல்லாத ஓர் இடத்தில் வைத்து, அமல்ராஜைப் பற்றி ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

கிளம்புகிற அன்று காலை ஐந்து மணிக்குக் கேட்டருகே இரண்டு பேர்தான் நின்றோம். மற்ற ஆறு பேருக்கும் வீட்டில் ஏதோ வந்துவிட்டது. ஆறு நாள் அவரோடு இருப்பதை நினைத்துப் பார்த்திருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். நீயும் போய்விடுவாய் என்று எதிர்பார்த்தது தெரிந்தது. நான் போகவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் முதலில் பின்வாங்குவது என்பதிலேயே பயணம் தொடங்கிவிட்டது.

சாமான்களை அவரே பிரித்தார். கூடாரம், அடுப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர் கேன், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப் எல்லாம் என் கேரியரில். அரிசி, பருப்பு, பாய்கள், மருந்து அவர் கேரியரில். ஐம்பது நிமிடம் மிதித்தால் பத்து நிமிடம் ஓய்வு. இரண்டே பேர் போகிற பயணத்துக்கும் விசில் கழுத்தில் இருந்தது.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பக்கம் கடற்கரைச் சாலையைப் பிடித்து, முதல் நாள் மாலை கடப்பாக்கத்தில் தங்கினோம். வலை காயப்போட்டிருந்த மணலில் கூடாரம் அடித்தேன். நான் போட்ட முடிச்சை எல்லாம் அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். காரணம் சொல்லவில்லை. உள்ளே பாய்களை விரித்து, இரண்டுக்கும் நடுவே சட்டி, அடுப்பு, பைகளைச் சுவர்போல அடுக்கினார். அந்தச் சுவர் ஐந்து இரவும் இருந்தது.

இரண்டாம் நாள் மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, புதுச்சேரியின் நெரிசலில் புகுந்து வெளியேறி, கடலூருக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பில் தங்கினோம். அன்றெல்லாம் அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். ஒன்பது, என் மிதியில் உள்ள குறைகள். பத்தாவது, சாப்பாட்டில் உப்பு.

மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டைக்கு முன்னால் ஒரு வளைவில் மணல் படிந்திருந்தது. நான் சறுக்கி விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்து தொங்கியது. அவர் திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தி, மருந்துப் பையை எடுத்தார். மணல் துகள் ஒன்றுகூட இல்லாமல் கழுவி, மருந்து வைத்து, மடிப்பு விழாமல் கட்டுப் போட்டார். அவ்வளவு பொறுமையான கை அவருக்கு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் மனம் இளகிவிட்டது. கட்டின் முனையைச் செருகிவிட்டு எழுந்து, "பிரேக் புடிக்கத் தெரியாதவன்லாம் மிஷின் ரிப்பேர் பண்றான்" என்றார். இளகியது அங்கேயே இறுகிவிட்டது.

பரங்கிப்பேட்டையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்து, அண்ணன் தம்பியா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஒரே கம்பெனிம்மா. அவ்ளோதான்." அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் மீனைத் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

நான்காம் நாள் கொள்ளிடப் பாலம். எதிர்காற்று எங்களை நிற்க வைத்துவிட்டது. அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. எனக்கு முப்பத்தைந்து. நான் இறங்கித் தள்ளினேன். அவர் இறங்கவில்லை. நடப்பதைவிட மெதுவாக, தள்ளாடித் தள்ளாடி, பாலத்தின் மறுமுனை வரை மிதித்தே போனார். அங்கே நின்று, நான் வரும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பூம்புகாரில் தங்கினோம்.

ஐந்தாம் நாள் தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர் கடந்து மாலையில் வேளாங்கண்ணி. மாதா கோவில் வாசலில் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது எனக்கு அமல்ராஜ் நினைவு வந்தது. கை சரியானதும் இங்கே வந்து மொட்டை போட்டதாக அவர் மனைவி யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். அதை அப்போதே தாமோதரன் சாரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்.

ஆறாம் நாள்தான் அது நடந்தது.

புஷ்பவனம் தாண்டி ஒரு மண் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் உவர் நிலம். நிழல் என்று சொல்ல ஒரு பனைகூடப் பக்கத்தில் இல்லை. காலை பதினொன்றரை இருக்கும், மாசி வெயில். அவருடைய பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியது. இறங்கிப் பார்த்துவிட்டு, பம்ப்பையும் ஒட்டும் சாமானையும் எடு என்று கை நீட்டினார்.

நான் எடுக்கவில்லை. அமல்ராஜுக்கு ஒரு பதில் சொல்லுங்கள், அப்புறம் பம்ப் தருகிறேன் என்றேன். அப்படி ஒரு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆறு நாள் பேசாமல் வந்ததில் ஊறியிருக்க வேண்டும். லைனை ஓட்டச் சொன்னது நீங்கள், சென்சார் கெட்டது உங்களுக்குத் தெரியும், அவன்மேல் பழியைப் போட்டு எழுதியதும் நீங்கள் என்று வரிசையாகச் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"ஒயரு போட்டது யாரு?"

இங்கே நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். சென்சாரை விலக்கி மிஷினை ஓட வைக்க ஒரு துண்டு வயர் போதும். அதைப் போட்டவன் நான். ஓட்டு என்றுதான் அவர் சொன்னார். எப்படி ஓட்டுவது என்று சொல்லவில்லை. அந்த வயரை நறுக்கி, முனை சீவி, திருகி மாட்டியது என் கை. இதுவரை இது ஒரு சிலருக்குத்தான் முழுதாகத் தெரியும். இனி இந்த மலரைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

"நீங்க சொல்லாம நான் போடுவனா சார்?" என்றேன்.

"நான் மாட்டேன்னு சொல்லிக்கலாம் இல்ல? சொன்னியா? கையெழுத்தும் போட்ட. இப்ப எனுக்கு நாயம் சொல்ல வந்துட்ட."

அந்த இடத்தில் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன். பம்ப், பஞ்சர் சாமான், தண்ணீர் கேன் எல்லாம் கேரியரில் இருக்க, சைக்கிளில் ஏறி மிதித்தேன். அவர் கூப்பிடவில்லை. விசிலும் ஊதவில்லை.

அவருடைய சைக்கிளில் மெல்லிய வால்வு. ஊர்க் கடைகளில் இருக்கும் பம்ப் அதற்குப் பொருந்தாது. அது எனக்குத் தெரியும். அவர் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதும் தெரியும். தெரிந்துதான் போனேன். வேதாரண்யம் வந்தது. அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அகத்தியம்பள்ளி உப்பளங்களுக்கு நடுவே நீண்டு போகிற சாலையில் மிதித்து, இரண்டு மணிக்கெல்லாம் கோடியக்கரை போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கரையில் உட்கார்ந்திருந்தேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள், தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. பஸ் பிடித்து வந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கரைக்கு ஒரு பஸ் வந்தது. அதில் அவர் இல்லை. ஐந்து மணி ஆயிற்று. வெயிலில் விழுந்து கிடப்பார் என்று தோன்றியது. அப்போதுகூட முதலில் வந்த நினைவு, நான் மாட்டிக்கொள்வேனே என்பதுதான். அதன்பிறகுதான் அந்த மனிதரைப் பற்றி நினைத்தேன்.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கிளம்பினேன். கால் மைல்கூடப் போயிருக்கமாட்டேன். தூரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓர் உருவம் வந்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. சட்டையில் வியர்வை உப்புப் பூத்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்த பெண்கள் தண்ணீர் கொடுத்ததாகப் பின்னால் ஒரு வார்த்தையில் சொன்னார். இரண்டு பஸ்கள் அவரைக் கடந்து போயிருந்தன. கை காட்டவில்லையாம்.

என்னருகில் வந்ததும் நின்று, "பம்ப்பைக் குடு" என்றார். கொடுத்தேன். தண்ணீர் கேனை நீட்டினேன். வாங்கவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து, டயரைக் கழற்றி, டியூபை உருவி, முள் இருந்த இடத்தைத் தேடி ஒட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டே இருந்தேன். காற்று அடித்து முடித்துவிட்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"போவசொல்ல திரும்பிப் பாத்தியா?"

"இல்ல."

"பொய் சொல்ற. ரெண்டு தபா பாத்த."

பார்த்தது நிஜம். பாதை வளையும் இடத்தில் ஒரு தரம், அதற்கு அப்பால் ஒரு தரம்.

"நானும் அன்னிக்கு அமல்ராஜைப் போய் ரெண்டு தபா பாத்துட்டு வந்தேன். கை எம்மாங்கிட்ட போவுதுன்னு பாத்தேன். பாத்துட்டுதான் லைனை ஓட்டினேன்."

சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி, மீதியிருந்த தூரத்தை மிதித்துக் கரைக்குப் போனார். கடைசி வரைக்கும் மிதித்து வந்ததாகக் கணக்கு வைக்க முடியாதே என்று அவருக்கு வருத்தம் இருந்திருக்கும். என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. அன்று கூடாரத்தில் அவர் படுக்கவில்லை. மீனவர்களின் ஏலக் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார். மறுநாள் சைக்கிள்களைப் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு திரும்பினோம். அவர் முன் வரிசையில், நான் கடைசியில்.

நான் அவரை நட்டாற்றில் விட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இது பெருந்தன்மை என்று பிரபு இதைப் படித்துவிட்டுச் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அது அவருக்குத் தெரியும்.

திரும்பிய எட்டாம் நாள் அவர் மேனேஜ்மென்ட்டுக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சென்சார் கெட்டது தெரிந்தும் லைனை ஓட்டச் சொன்னது தான் என்றும், அறிக்கை பொய் என்றும், அமல்ராஜ் பேரில் தவறில்லை என்றும் எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. வயரைப் போட்டது இன்னார் என்று என் பெயரையும் எழுதியிருந்தார். ஒரு நாளும் என்னைக் கூப்பிடாத பெயர், தகப்பனார் பெயரோடும் டோக்கன் எண்ணோடும் அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாக அவர் கையெழுத்தில் இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் வழிமறித்தேன். என் பெயரை ஏன் எழுதினீர்கள் என்று கத்தினேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. "பாதி உண்மை எழுதறதுக்கு அந்தப் பொய்யே நல்லா இருந்துச்சி" என்றார். பிறகு, "ஏழு மாசம் டைம் குடுத்தேன். நீ எய்துவன்னு பாத்தேன். உனுக்கும் எனுக்கும் யாரு மொதல்ல எய்தறதுன்னுதான் இருந்துச்சி" என்றார். அது உண்மையா, அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். வர இருந்த பதவி உயர்வு போயிற்று. அவரை இன்சார்ஜ் பதவியிலிருந்து இறக்கி, ஸ்கிராப் யார்டுக்கு அனுப்பினார்கள். அமல்ராஜுக்குச் சட்டப்படி வர வேண்டியது வந்தது. வேலையும் திரும்பத் தருகிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டு ஆட்டோவையே ஓட்டினார்.

நியாயமாகப் பார்த்தால் அதோடு என் கோபம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அவர் செய்தது சரி. அந்தச் சரியான காரியத்தை நான் செய்வதற்கு இடமில்லாமல் முந்திக்கொண்டு செய்துவிட்டார். கொள்ளிடப் பாலத்தின் மறுமுனையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்த அதே மனிதர்தான் அங்கேயும் நின்றார். நான் எப்போது வந்து சேர்ந்தாலும் தாமதம்தான்.

அதற்குப் பின் மூன்று வருடம் ஒரே வளாகத்தில் இருந்தோம். ஸ்கிராப் யார்டைக்கூட அவர் பிரஸ் ஷாப்பைப் போலத்தான் நடத்தினார். துருப்பிடித்த இரும்பு, அளவு வாரியாக, கோடு போட்டதுபோல் அடுக்கியிருக்கும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவர் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு பிரஸ்ஸின் கியர்பாக்ஸில் புதிய பாகங்களை மாட்டிவிட்டு, கழற்றிய பழையவற்றை ஒரு தட்டில் கொண்டுபோய் வைத்தேன். குனிந்து பார்த்தார். "ரெண்டு வாஷர் கொறையுது. போய் எடுத்துகினு வா" என்றார். எண்ணித்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு மனம் கேட்காமல் போய் அந்த கியர்பாக்ஸைத் திறந்து பார்த்தேன். இரண்டும் கியருக்கு அடியில், புதிதாக ஊற்றிய எண்ணெயில் கிடந்தன. அன்று மாலை மிஷினை ஓட விட்டிருந்தால் பல் நொறுங்கியிருக்கும். வாஷர்களை அவருடைய மேஜையில் வைத்தேன். அவர் நிமிரவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. அதுதான் கடைசி.

இறந்த அன்று மதியம் எழிச்சூர் பக்கத்திலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். கம்பெனியிலிருந்து பெரிய மலர்வளையம் வந்திருந்தது. மேனேஜ்மென்ட்டிலிருந்து வந்த ஒருவர், பாதுகாப்பைத் தன் உயிரினும் மேலாக மதித்தவர் என்று தாமோதரன் சாரைப் பற்றிப் பேசினார். மூன்று வருடம் முன்பு அவரைப் பழைய இரும்புக்கு நடுவே உட்கார வைத்தது யார் என்று கேட்க வாய் வந்தது. அவருடைய மனைவி கஸ்தூரி அம்மா தலைமாட்டில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அமல்ராஜ். சீருடையில், சவாரி விட்டுவிட்டு நேராக வந்தவர்போல இருந்தார். அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்து நெடுநாள் ஆகியிருந்தது. உள்ளே வரவில்லையா என்று கேட்டேன்.

"இம்மாந்தூரம் வந்துட்டேன். அதுக்கு மேல வர்றதுக்கு மனசு இல்ல" என்றார்.

அவர் என்னை விரட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. ஆட்டோவுக்குப் பக்கத்தில் மதில் ஓரமாக நின்றேன். வயர் விஷயமாக அவரிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார். கடிதத்தின் நகல் வீட்டில் இருக்கிறது, படித்தாயிற்று என்றார். அந்த நகலைத் தாமோதரன் சார் நேரில் கொண்டுவந்து கொடுத்தாராம். மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். கேட்கவில்லையாம். வாசலில் நின்று கொடுத்துவிட்டு, எழுத்துப்பிழை இருந்தால் சொல் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம். அதைச் சொல்லும்போது அமல்ராஜின் முகத்தில் இருந்தது சிரிப்பா வெறுப்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மேளச் சத்தம் கிளம்பியது. பாடை தெருவுக்குள் வந்தது. தெரு குறுகல். ஆட்டோ நின்றால் நான்கு பேர் தோளோடு திரும்ப முடியாது. முன்னால் வந்தவர்கள் கை காட்டுவதற்கு முன்பே அமல்ராஜ் வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஒருவருடைய வாசல் படி வரைக்கும், ஒரு பக்கச் சக்கரம் சாக்கடை விளிம்பில் ஏற, மெதுவாக ஒதுக்கி நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். நான் மதிலோடு ஒட்டிக்கொண்டேன்.

பாடை எங்கள் இருவருக்கும் முன்னால் போயிற்று. அமல்ராஜ் கும்பிடவில்லை. நானும் கும்பிடவில்லை. உங்களுக்காக அழவும் எங்களுக்கு வரவில்லை, சார். வழி விட்டு நின்றோம். போய் வாருங்கள்.